மூப்பர் வீட்டு வாசலில் ஓர் இரண்டாம் குரல்

இன்று காலை ஜெயங்கொண்டம் சாலையோரம் யாரோ முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரப் புகை தொண்டையைப் பிடித்ததும் நீ என் நினைவில் வந்து நின்றாய். கோயில் பாடகர் குழுவில் இருந்த நாம் நால்வரும் கிறிஸ்மஸ் பாட்டுப் பழகியது முந்திரித் தோப்பில்தானே. இருமிக்கொண்டே பாடுவோம். "இந்தப் பொகையில பாடிட்டா எங்கயும் பாடிடலாம்டி" என்பாய்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டு ஐப்பசியில்தான் உன் அம்மா இறந்தார். சாவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பிழைத்தவர். ஞாயிறு தவறாமல் நம் கோயிலின் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். ஒப்பாரியை விட்டால்தான் ஞானஸ்நானம் என்று சபை மூப்பர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இறந்த அன்று, ஞானஸ்நானம் பெறாதவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார். அதோடும் விடவில்லை. நீ ஒப்பாரி வைத்தால் சபையிலிருந்து நீக்கிவிடுவேன் என்று ஆளனுப்பினார். பெரம்பலூரில் உனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம்; நீக்கினால் கல்யாணம் நின்றுவிடும். ஊரார் பிணத்துக்கெல்லாம் அழுதவரை ஏரிக்கரையில் ஒரு சத்தமும் இல்லாமல் புதைத்தோம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்த அன்றே நான் மூப்பரை வெறுத்தேன்.

டிசம்பரில் தோப்புக்கு வந்தாய். பாலன் பிறப்பைச் சொல்லும் பாட்டை நாங்கள் மூவரும் எடுத்தோம். நீ வார்த்தையில்லாமல் எங்கள் குரலுக்குக் கீழே இரண்டாம் குரல் கொடுத்தாய். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இழுத்து, நடுங்கி இறங்கும் குரல். உன் அம்மாவின் ஒப்பாரி! தாலாட்ட வேண்டிய பாட்டு அழுதது. ஆனாலும் சுருதி விலகவில்லை. "மத்த வூட்டுல ஒழுங்கா பாடுவோம். இது மூப்பர் வூட்டுக்கு மட்டும்" என்றாய்.

யுத்தத்தால் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, அதனால் பொழுது சாய்வதற்குள்ளேயே வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனோம். சபையாரும் பின்னால் வந்தார்கள். மூப்பர் வாழைப்பழத் தட்டோடு வாசலில் நின்றார். முதல் சரணத்துக்குத் தலையாட்டினார். இரண்டாம் சரணத்தில் நீ சேர்ந்தாய். அவருக்கு முதலில் விளங்கவில்லை; பிறகு முகம் கறுத்தது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நாம் இன்னும் உரக்கப் பாடினோம்.

அப்போதுதான் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து படியில் உட்கார்ந்து அழுதார். அவர்களின் தலைப்பிள்ளை இறந்தபோது, மூப்பருக்குத் தெரியாமல் கொல்லைப்புறத்துக்கு உன் அம்மாவை வரவழைத்துப் பாடச் சொல்லியிருக்கிறார். நமக்கே அதுவரை தெரியாது.

"இது அவ பாட்டுங்க. நம்ம புள்ளைக்கு அழுத பாட்டு. அவளுக்கா எடமில்லன்னீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். மூப்பர் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

பாடகர் குழுவிலிருந்து நம்மை நீக்கினார். சபையிலிருந்து நீக்க அவருக்கு வாய் வரவில்லை. திரும்பும் வழியில், போதுமா என்று கேட்டேன். "போதாது. ஆனா நல்லாருந்துச்சு" என்று சிரித்தாய்.

மறு ஆண்டே பிரசவக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பெரம்பலூரில் உன் குழியருகே நின்று அந்த ஒப்பாரியை வாய்விட்டுப் பாடினேன். யாரும் தடுக்கவில்லை.

போன மாதம் மூப்பர் படுத்த படுக்கையானார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கிறிஸ்மஸ் பாட்டை, அன்றைக்குப் போலவே, ஒருமுறை கேட்டுவிட வேண்டுமாம். மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலருகே நின்று மூவரும் இரண்டாம் குரல் இல்லாமல் நேர்க்குரலில் மட்டும் பாடினோம். சரணத்துக்குச் சரணம் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது.

"இன்னொரு கொரலு?" என்றார்.

"அது உங்களுக்கு இல்லைங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி எங்களோடு வாசல்வரை கூடவே வந்தார். இரண்டு நாளில் மூப்பர் போய்விட்டார்.

சாகக் கிடந்தவரிடம் இப்படியா என்று என் வீட்டில் கேட்கிறார்கள். இருக்கட்டும். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அந்தக் குரல் எனக்குள் தானாக எழுகிறது. அடுத்த தெருவில் யார் இறந்தாலும், கேட்டு வந்தால் போய்ப் பாடுகிறேன். அவர் ஒருவருக்குத்தான் இல்லை என்றேன். இன்று கேட்டாலும் இல்லை என்பேன்.