தொப்பிக்காரப் பெரியப்பா

கோலியர்ஸ் வுட்
3 மார்ச், இரவு

அன்புள்ள பெரியப்பா,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள், கலாவதி அத்தைக்குக்கூட. உங்கள் பெயரை எடுத்தாலே அப்பா மேசையை விட்டு எழும்பிவிடுவார்.

அடுத்த வியாழன் ஆபரேஷனில் உங்கள் குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்று அத்தை போனில் சொன்னார். "உங்கட அண்ணையெல்லோ, ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றார் அம்மா. "அவருக்குப் பாட்டுத்தானே பெரிசு. அவற்ற பாட்டுக்குக் கைதட்டுற தொப்பி போட்ட வெள்ளைக்காரர் போய்ப் பாக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு பிட்டை அளைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அமெரிக்க நாட்டுப்புற மெட்டில் நீங்கள் பாடும் கன்ட்ரி பாட்டுகளை ஒளித்துக் கேட்கிறேன். 'ஹவுன்ஸ்லோ கடைசி பஸ்' என்ற உங்கள் பாட்டை அப்பாவுக்கு ஒருமுறை வந்து பாடிக் காட்டுவீர்களா? பிறகு முடியாதே. பதிலை என் சிநேகிதி ஷெறோனின் வீட்டுக்கு அனுப்புங்கள்.

உங்கள் மகள்
மயூரா

ஹவுன்ஸ்லோ
6 மார்ச்

மயூராக் குஞ்சுக்கு,

உன் அப்பாவில் பிழையில்லை. பகலில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன், இரவில் பப்புகளில் பாடினேன். முதல்நாள் கௌபாய்த் தொப்பியும் பூட்ஸுமாக மேடையேற, "கறி எங்கே?" என்று ஒரு வெள்ளைக்காரன் என் நிறத்தைக் கேலிசெய்து கத்தினான். இரண்டாம் பாட்டில் அவனே அழுதான். அந்தக் கைதட்டல் என்னை விடவில்லை. இசைத்தட்டு, ஊர் ஊராகக் கச்சேரி என்று முப்பது வருடம் போனது.

உன் அப்பப்பாவின் செத்தவீட்டன்றும் பேர்மிங்காமில் பாடினேன். முடித்துவிட்டு வந்துசேரலாம் என்ற நினைப்பு. "இன்னொன்று" என்றார்கள், அதையும் பாடினேன். தகனசாலையில் தந்த அரைமணி எனக்காக நிற்குமா? கொள்ளி வைப்பதற்குப் பதிலாக மூத்தமகன் அழுத்தவேண்டிய பொத்தானை உன் அப்பா அழுத்தினான். வாசலில் என்னிடம், "நல்லாப் பாடினியளோ, அண்ணை?" என்று மட்டும் கேட்டான்.

நான் வரமாட்டேன், பிள்ளை. எந்த முகத்தோடு வருவது? அவனாக வந்தால் பாடுவேன்.

பெரியப்பா
கனகலிங்கம்

கோலியர்ஸ் வுட்
13 மார்ச், இரவு

பெரியப்பா,

பயத்தில் உங்கள் கடிதத்தை ஒளித்துவைத்திருந்தேன். நேற்று இரவுதான் அப்பாவின் கோட்டுப் பைக்குள் வைத்தேன். இன்று வேலைக்குப் போகும் வழியில் வாசித்தாராம். ரயிலை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் உங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒருநாள் முந்தி வைத்திருந்தால்!

பின்னேரம் நீங்கள் மயக்கத்தில் இருந்தபோது கட்டிலருகே இருந்தாராம். "என்ன கதைச்சீங்கள்?" என்று அம்மா கேட்டதற்கு, "கேக்கத்தான் போனனான். கதைக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்றார். என் ஹெட்போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவர் சாப்பிடவும் வரவில்லை. பெரியப்பாவுக்கு ஏன் எழுதினாய் என்றும் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

வெளியே காலடி கேட்கிறது. அப்பா கடைசி பஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார். சுருதி கொஞ்சமும் இல்லை, பெரியப்பா. கதவைத் தட்டுகி—