விழுந்தவருக்குக் கைதட்டாத அண்ணைக்கு

அண்ணை,

உங்கள் மாட்டுமணி இப்போது என் சமையலறை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. நேற்று முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நான் மோர்டனில் உள்ள என் வீட்டுக்குப் புறப்படும்போது, அக்கா அதைப் பழைய பேப்பரில் சுற்றி என் கையில் திணித்தார். "என்ரை மனுசன் போயிட்டார், இதை வைச்சு நான் என்ன செய்ய? நீரே கொண்டுபோம்" என்றார். உள்ளே நாக்கைச் சுற்றிச் சேறு காய்ந்து கிடக்கிறது. கழுவவில்லை. பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். கழுவினால் சத்தம் இன்னும் கூடும்.

மணியோடு உங்கள் நினைவு மலரும் வந்தது. வழுவழுப்பான தாள், பின்னட்டையில் தேவாரம், முன்னட்டையில் கோட்டும் டையுமாக நீங்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "எவர் மனத்தையும் நோகடித்தறியாத உத்தமர்." அதை வாசித்ததும் மண்டபத்தில் மேசைக்கு மேசை சிரிப்பு. உங்கள் சொந்தத் தம்பிக்கே சோறு புரைக்கேறிவிட்டது. நீங்கள் நோகடிக்காத மனம் நீங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டில் ஒன்றாவது மிச்சம் இருந்ததா, அண்ணை?

பெல்ஜியத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்தது இந்த மணியையும் சைக்ளோகுரொஸ் பைத்தியத்தையும்தான். குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் ஓடும் சைக்கிள் போட்டி. ஏற முடியாத மேட்டில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். ஓரத்தில் நிற்கும் ரசிகர்கள் மாட்டுமணி அடித்துக் கத்துவார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத எனக்கும் என் கூட்டாளி குகனுக்கும் அதை நீங்கள்தான் தொற்றவைத்தீர்கள். ஞாயிறு மத்தியானம் கிங்ஸ்பரியிலிருந்து குகன் ரயில் மாறி மாறி வந்து சேர்வான். அக்கா ஆட்டிறைச்சிக் கறியை இறக்கி வைப்பார். டிவியில் போட்டி ஒரு மணித்தியாலம், அதன் பிறகு உங்கள் விசாரணை இரண்டு மணித்தியாலம்.

ஒருமுறை உலக சாம்பியன்ஷிப்பில், முன்னால் போய்க்கொண்டிருந்தவன் கடைசிச் சுற்றில் மணலில் சறுக்கி விழுந்தான். "பாவம், நல்லா ஓடினவன்" என்றான் குகன். நீங்கள் எலும்பைக் கடித்தபடி திரும்பினீர்கள். "மணலுக்குத் தெரியுமோ ஆர் பாவமெண்டு? இறங்கி ஓடவேண்டிய இடத்திலை இவர் துரை மாதிரி ஏறி இருந்தவர். விழுந்தவனுக்குக் கைதட்டினால் அவன் திரும்பவும் விழுவான்." குகன் விடவில்லை. டயரில் காற்றுக் கூடிவிட்டது, மழை பெய்தது, முன்னால் போனவன் குறுக்கே வந்தான் என்று காரணம் அடுக்கினான். நீங்கள் ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டு, வழக்கமான தீர்ப்பைச் சொன்னீர்கள்: "ரேஸ் முடிஞ்ச பிறகு பொய் சொல்லுறவன் ரசிகன் இல்லை, சொந்தக்காரன்."

வெளிநாட்டுக்கு வந்த நம்மவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும், பக்கத்தில் இருப்பவனைப் பற்றியே தமிழில் கதைப்போம். யாருக்கும் விளங்காது என்ற துணிவு. தமிழர் நிறைந்த டூட்டிங் பக்கம் மட்டும் நீங்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பீர்கள். ஆனால் போன குளிர்காலத்தில், தெற்கு லண்டன் பூங்காவில் பெண்களுக்கான சாம்பியன்ஷிப் பார்க்கப் போனோமே, அன்று உங்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. "இந்தச் சேத்துக்குள்ளை எங்கடை ஆக்கள் ஆர் வரப்போகினம்?" என்று சொல்லி மேட்டடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

கடைசியாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, முகமெல்லாம் சேறு. மேட்டில் சைக்கிளைத் தூக்கமாட்டாமல் தூக்கினாள். நீங்கள் மணியை அடித்து அடித்துக் கத்தினீர்கள். "உது ரேஸோ, இல்லாட்டி சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோறதோ?" அடுத்த சுற்றில், "பிள்ளை, சைக்கிளைப் போட்டிட்டு நீ மட்டும் போ, கெதியாப் போயிடுவாய்!" அதற்கடுத்த சுற்றில் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அக்கா வாசிப்பார். நானும் சிரித்தேன். குகன் மட்டும் காலால் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றான்.

போட்டி முடிந்ததும் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். சேற்றுக்கு நடுவே எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கண்கள்.

"அங்கிள், எனக்குத் தமிழ் விளங்கும்" என்றாள். "ஒவ்வொரு ரவுண்டும் கேட்டது."

எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. வேறு யாராயிருந்தாலும் ஒரு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நீங்கள் மணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, "விளங்கினதெண்டால் ஏன் பிள்ளை கடைசியா வந்தனி?" என்று கேட்டீர்கள்.

அவளுடைய உதடு துடித்தது. அழவில்லை. "அடுத்த வருசம் வாங்கோ, அங்கிள். இதே இடத்திலை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். குகன் பின்னால் ஓடிப்போய் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை. காரில் அவன் உங்களைத் திட்டித் தீர்த்தான். நீங்களோ சந்தோஷமாக இருந்தீர்கள். "அவள் வருவாள், இருந்து பார். கோவக்காரி. முதல் பத்துக்குள்ளை வருவாள்" என்றீர்கள்.

பிறகுதான் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்துவிட்டார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள், நாங்கள் சிரிக்கவில்லை. உடம்பு உருகி, கட்டிலோடு ஆனபிறகும் உங்களுக்கு ஒரே கதைதான். "அந்தப் பிள்ளை இப்ப எங்கை நிண்டு பழகுதோ? மேட்டிலை தோளுக்குக் குடுக்கிற பிடி பிழை, ஆராவது சொல்லிக் குடுத்தினமோ?" அந்தப் போட்டி வரைக்கும் இருக்கவேண்டும் என்று டொக்டரிடமே பேரம் பேசினீர்கள். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட நீங்கள் இவ்வளவு கேட்டதில்லை, அண்ணை. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

போட்டியன்று நானும் குகனும் போனோம். அதே மேட்டடி, அதே கயிறு. எல்லோரும் வந்தார்கள், அவள் வரவில்லை. பெயர் பதியும் கூடாரத்தில் இருந்த வெள்ளைக்காரியிடம், போன வருடம் கடைசியாக வந்த தமிழ்ப் பிள்ளை எங்கே என்று விசாரித்தேன். போன வருடப் போட்டிக்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் வரவில்லை, சைக்கிளையும் விற்றுவிட்டாள் என்றாள்.

திரும்பும் வழியில் குகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், ஏழாவதா வந்தவள் எண்டு சொல்லு. மனுசன் போகப்போகுது. ஆருக்கு என்ன நட்டம்?"

"ரேஸ் முடிஞ்ச பிறகு பொய் சொல்லக்கூடாது" என்றேன்.

"உனக்கும் அந்த ஆளின்ரை நாக்கு வந்திட்டுது" என்றான். காரை விட்டு இறங்கியவன் உங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

நீங்கள் தலையணையில் சாய்ந்து, சவரம் செய்து, காத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் கண்டதில்லை. "எத்தினையாவது?" என்றீர்கள். எனக்குக் கயிற்றோரத்தில் துடித்த அந்த உதடு நினைவுக்கு வந்தது.

"அவள் வரேல்லை அண்ணை. போன வருச ரேஸோடை ஓட்டத்தை விட்டிட்டாளாம். சைக்கிளையும் வித்திட்டாள்."

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "ஒரு பொய் சொல்லியிருக்கலாமேடா" என்றீர்கள்.

அந்தக் கிழமை முடியமுன் போய்விட்டீர்கள். குகன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை, நேற்றும் மண்டபத்தின் மற்ற மூலையில்தான் இருந்தான். சொன்னதற்காக நான் வருந்தவில்லை, அண்ணை. நீங்கள் வளர்த்த கடா. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்ட அந்தக் குரல் ஷிப்டுக்குப் போகும்போதும் கூடவே வருகிறது, சாப்பிட உட்காரும்போதும் வருகிறது. யாரிடமும் எதையும் கேட்டுப் பெறாத மனிதர் கேட்ட ஒரே பொருள், அதை நான் கொடுக்கவில்லை.

பிறகு, நினைவு மலரில் படத்துக்குக் கீழே போட ஒரு வரி எழுதித் தரும்படி அக்கா என்னைத்தான் கேட்டார். சிரித்தவர்களுக்கு அது தெரியாது. எவர் மனத்தையும் நோகடித்தறியாத உத்தமர்.

நீங்கள் கேட்ட பொய், அண்ணை. பிந்தித்தான் வந்தது.