சன்னலில் ஒட்டியிருக்கும் கழுத்து

ரஃபா,

இடியாப்பம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. மதியம் பொலெத்தைப் பள்ளியிலிருந்து நீங்கள் அழைத்து வாருங்கள்.

அதற்கு முன் சன்னலில் ஒட்டியிருக்கும் எக்ஸ்ரேயைப் பாருங்கள். வெயில் ஏறினால் தெளிவாகத் தெரியும். நம் மகள் பொலெத்தின் கழுத்து. ஏழே எலும்பு, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அந்தத் தலையும் அத்தனை பேச்சும் இதன்மேல்தான் நிற்கின்றன. பார்த்துக்கொண்டே நின்றதில் பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

நேற்றே சொல்லியிருப்பேன். நாம்தான் பேசிக்கொள்வதில்லையே.

எலும்பு எதுவும் விலகவில்லை, தசை இறுகித்தான் வலிக்கிறது, யாரும் கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்றார் கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சாயங்காலம் அவளை அழைத்து வருவதாக நீங்கள் சொல்லிவைத்திருக்கும், எலும்பைச் சொடுக்கிவிடும் கைரோபிராக்டரிடம், வரவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

"போனைக் குடுத்துக் குடுத்தே புள்ளையக் கெடுத்துட்ட" என்றீர்கள். போனை எப்படிப் பிடிப்பாய் என்று டாக்டரம்மா கேட்டதும், இவள் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து, தலையைத் தொங்கப்போட்டுக் காட்டினாள்.

"அப்படிக் குனிஞ்சு யாரும்மா பாக்குற?"

"பப்பாவ. சார்ஜர் வயரு அவ்ளோதான் வரும்."

நீங்கள் பிரான்சில், துலோனில் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் உங்களைப் பார்த்திருக்கிறாள்.

நீள வயர் வாங்கிவிட்டேன். அலமாரியில் அவள் கண் உயரத்துக்குப் போன் நிற்கும்.

மரி-லோர்

பி.கு. அந்த உயரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம் அவளுக்கு. அவளை அழைத்து வந்ததும் மாடிக்குப் போய் அவளுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். அந்த ஏழும் உங்களுக்காக நிமிரும்.