செவப்பு மறையட்டும் மாமி

புதுமடம்
30.1.1964

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தந்தி கிடைத்திருக்கும். மாமி நோன்போடு மவுத்தானது பெரிய பாக்கியம் என்று ஊரே சொல்கிறது. காய்ச்சலில் நோன்பு வேண்டாம் என்றால் கேட்டால்தானே! உங்களைப் பெற்றவர்களாயிற்றே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? அவர்கள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

நம் மோதினாருக்கும் இந்த வருஷம் ஏனோ அவசரம். பனங்காட்டுக்கு மேல் வானம் செக்கச்செவேலென்று கிடக்கும்போதே, பொழுது அடையுமுன்னே, நோன்பு திறக்க மஃரிபு பாங்கு சொல்லிவிடுகிறார். நான் நம்புவதில்லை. சிவப்பு மறைந்த பிறகுதான் இந்த வீட்டில் நோன்பு திறப்பது.

உங்கள் சாலிஹா

கொழும்பு
6.2.1964

அன்புள்ள சாலிஹாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கடையில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே அழக்கூட முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்தாயே, அதுதான் ஆறுதல்.

மோதினாரைக் குறை சொல்லாதே, பாவம். போன வருஷம் பாலித் தீவில் ஒரு எரிமலை வெடித்ததாம். அந்தத் தூசி வெகு உயரத்தில் நிற்கிறது. பொழுது அடைந்த பிறகும் சூரிய வெளிச்சம் அதில் பட்டு வானம் மறுபடி சிவக்கிறது என்று துறைமுகத்தில் ஒரு மாலுமி சொன்னார். இங்கேயும் அதே கூத்துதான். பாங்கு சொன்னால் தாராளமாக நோன்பு திற.

அப்துல் குத்தூஸ்

புதுமடம்
12.2.1964

மச்சான்,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன்.

மாமி மவுத்தான அன்றைக்குப் பாங்கு கேட்டதும் மாமி செம்பை எடுத்தார்கள். "நாக்கு ஒட்டுதும்மா, அதான் பாங்கு சொல்லிட்டாகளே" என்றார்கள். "வானத்தைப் பாருங்க, இன்னும் பொழுது அடையல. செவப்பு மறையட்டும் மாமி, நாள் பூரா இருந்த நோன்பு பாழாப் போயிரும்" என்று கையிலிருந்து வாங்கி வைத்தேன். மறுபேச்சுப் பேசாமல் படுத்துக்கொண்டார்கள். சிவப்பு மறைந்து எழுப்பினேன். எழவில்லை.

நோன்போடு போனார்கள் என்று வந்தவர்கள் சொன்னபோதெல்லாம் தலையாட்டினேனே மச்சான். பாங்கு சொன்னபோதே நோன்பு முடிந்திருந்தது. தாகத்தோடுதான் போனார்கள். நான்தான் அனுப்பினேன்.

என்னை என்ன செய்யப் போகிறீர்கள்?

சாலிஹா

கொழும்பு
24.2.1964

சாலிஹா,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாலுமி எனக்குச் சொன்னது போன ஆடியிலேயே. வீட்டுப் பொம்பளைகளுக்கு வானத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் உம்மா குடித்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறேன். அந்தச் செம்பை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். எடுத்துத் துலக்கி வை. நான் வந்ததும் அதில்தான் தண்ணீர் தர வேண்டும். வானம் எப்படி இருந்தாலும் கொடு.

அப்துல் குத்தூஸ்