செயற்கைக்கோளுக்குக் காட்டிய கண்மாய்

முனியாண்டி துணை

உசிலம்பட்டி பக்கம், மேலக்கண்மாய்ப்பட்டி
மாசி 2003

அன்புத் தம்பி சிவபாண்டிக்கு, அக்கா தங்கப்பொண்ணு எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

உன் மச்சான் கையில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது, இப்போது வற்றிவிட்டது. பசுவைச் சந்தையில் விற்றாயிற்று. வாங்கியவன் அதை என்ன செய்வான் என்று தெரியும். அதனால் நான் சந்தைப் பக்கமே போகவில்லை.

ஐதராபாத்தில் நீ ஏசி அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் நிறம் பார்க்கிறாய் என்று ஊரே பெருமைப்பட்ட காலம் போய்விட்டது. கார்த்திகையில் ஓர் அதிகாரி வந்தார். மழை பொய்த்து எந்த ஊர்ச் சனம் பிழைப்புத் தேடிக் கிளம்பும் என்று அப்படிப்பட்ட படத்தை வைத்துக் கணித்துத்தான் திட்டம் போடுகிறார்களாம். அந்த ஊர்களுக்கு முதலில் தூர்வாரும் வேலையும் அரிசியும் கொடுப்பார்களாம். நம் ஊர் அதில் இல்லை. “படத்துல ஒங்க கண்மாய் பச்சைப்பசேல்னு இருக்கேம்மா” என்றார். அம்புட்டும் சீமைக்கருவேல முள்.

போன் பூத்துக்குப் போய் உன்னிடம் கேட்டேன். முள்ளும் படத்தில் பச்சையாகத்தான் தெரியும், தை மாதம் புதுப் படம் எடுப்பார்கள் என்றாய். நீ சொன்னது அவ்வளவுதான். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது.

மந்தையில் கூட்டம் போட்டார்கள். “முள்ளு இருந்தாத்தானப்பா பச்சை? வெட்டித் தீ வச்சுட்டா நம்ம ஊரு காஞ்சு கெடக்குறது மேல இருந்து தெரியும்ல” என்றார் பால்பாண்டி. உன் மச்சானுக்கு அது சரியென்று பட்டது. எனக்கும்தான். இரண்டு வருஷமாக அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேலை வந்தால் கரி எதற்கு என்று இருந்துவிட்டோம். பொங்கலுக்குள் கண்மாய் மொட்டை.

போன வாரம் அதே அதிகாரி வந்தார். புதுப் படத்தில் ஊர் காய்ந்துதான் தெரிகிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இந்த வருஷத் திட்டம் பழைய படத்தை வைத்தே முடிவாகிவிட்டதாம். அடுத்த வருஷம் நம் ஊரை முதல் ஊராக வைப்பாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

சிவராத்திரிக்குச் சாமி கும்பிட வெளியூர்ச் சனமெல்லாம் ஊர் திரும்பும். நாங்கள் அதற்கு மறுநாள் கிளம்புகிறோம். வாரங்கலில் ஒரு முறுக்குக் கம்பெனியில் வேலை.

உன் மருமகள் பவதாரிணிக்குப் பத்தாவது பரீட்சை பங்குனியில். “நான் வரலம்மா, பரீட்சைய எழுதிட்டு எங்கிட்டு வேணாலும் வாரேன்” என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வயதுப் பிள்ளையை எப்படித் தனியாக விட்டுப் போவேன்? உன்னைப் படிக்கவைக்க நான் எட்டாவதோடு நின்றேன். இதுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

உன் மேல் பழி இல்லை தம்பி. முள்ளை வெட்டு என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் சிவராத்திரிக்கு வா. லீவு இல்லை என்று பதில் போடாதே. பரீட்சை முடியும்வரை அவளோடு இந்த வீட்டில் இரு, சமையல் அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் வேலையும் அரிசியும் வரும். வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் படத்தில் தெரியுமா, எனக்குத் தெரியாது.

நீ மகராசனாக இருக்க வேண்டும். சாமி கும்பிட்டு முடிகிறவரை பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வந்தால் இரண்டு டிக்கெட் எடுப்போம். வராவிட்டால் மூன்று.

உன் அக்கா
தங்கப்பொண்ணு