அடிப்பிடித்த மல்பெரிச் சட்னி

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். எட்டு மாதமாக இதையேதான் சொல்லி வந்தேன், இன்றைக்குத்தான் மனசறிந்து சொல்கிறேன். ஆமாம், உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டோம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததே, அது போகும்போது அவளுடைய வாசனையறிவையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பூவும் ஒன்றுதான், குப்பைக்கூடையும் ஒன்றுதான். நாக்கில் இனிப்பு, உப்பு என்று ஏதோ தட்டுப்படுமே தவிர ருசி என்பதே இல்லை. வரலாம், வராமலும் போகலாம், காத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். அவளுக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள், மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொதிக்கிற ஆவியை மோந்தே உப்பு போதவில்லை என்று சொல்கிறவள், ஒருநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தும் பால் தீய்ந்தது தெரியாமல் இருந்தாள். அன்றோடு அடுப்பைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இன்றைக்கு என்ன சமையல் என்று நீ கேட்கும்போதெல்லாம் அவள் அளந்துவிட்ட பட்டியல் முழுக்க என் கைவண்ணம். இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்காது, ஆள் பாதியாகிவிட்டாள், வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டிப் பேசியது அதனால்தான். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், யாரிடம் சொல்ல.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், கை ஓடவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் பெயிண்ட் கடைக்குப் பின்னால் இருக்கிற மல்பெரி மரத்தில் இந்த வருஷம் கொள்ளைக் காய்ப்பு, முதலாளி ஒரு வாளி நிறையப் பறித்துப்போகச் சொன்னார். வாளி புத்தம் புதுசு, முகத்தைச் சுளிக்காதே. இனிப்பும் காரமுமாக ஒரு சட்னி செய்தால் அம்மாவின் நாக்கைக் கொஞ்சமாவது சுரண்டிப் பார்க்குமே என்று ஒரு நப்பாசை. காம்பு கிள்ளி, அலசி, இஞ்சியும் சர்க்கரையும் வினிகரும் போட்டுக் கொதிக்கவிட்டேன். பழம் குழைந்து பளபளவென்று வந்தது. அடுத்தது மிளகாய்த்தூள். உனக்குத்தான் தெரியுமே, இருபத்தாறு வருஷமாக வண்ணம் கலக்குகிற எனக்குக் கண்தான் அளவு. துளி எடுத்து வெள்ளை அட்டையில் தடவிப் பார்ப்பேன், கலவையை வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். சமையலிலும் அதே கதைதான், நிறம் ஏறினால் காரம் ஏறிவிட்டது என்று கணக்கு. எட்டு மாதம் அது ஓடியது, மல்பெரியிடம் மட்டும் என் பருப்பு வேகவில்லை. ஒரு ஸ்பூன் போட்டேன், அட்டையில் அதே ஊதா. இரண்டு போட்டேன், அதே ஊதா. இந்தத் தூளில் வீரியமே இல்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே நாலாவதையும் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். உயிர் உச்சந்தலை வரை போய்த் திரும்பியது வாலு. குழாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன், அடுப்பில் தீ பெரிசாக எரிவது நினைவிலேயே இல்லை.

அப்போது முன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, என்னங்க, அடியில கருகுது பாருங்க, சர்க்கரை தீயுது, அடுப்பை அணைங்க என்று கத்தினாள். நாக்கு எரிகிற கடுப்பில் நானும், தெரியுது தெரியுது, கத்தாதே என்று சொல்லிவிட்டு, அணைத்து, பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். நாலு சுரண்டு சுரண்டியிருப்பேன், கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மிளகாய் நெடிக்கு யாருக்கும் இருமல் வரும், அதற்கு மூக்கு வேண்டாம். சர்க்கரை கருகுவதை மூக்கு மட்டும்தானே சொல்ல முடியும்? ஓடினேன். அவள் கையில் தலையணை உறையோடு சிலைமாதிரி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது. நிஜமாவே கருகிடுச்சா என்று மெதுவாகக் கேட்டாள். பாத்திரத்தைத் தூக்கிவந்து காட்டினேன். அடிப்பிடித்த பாத்திரத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட இரண்டு பேர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முகத்தை உள்ளே விட்டு மோந்து மோந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நானும் அழுதேன், மிளகாய்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் வீட்டில் ஒரு பொருளை விடவில்லை. சோப்பு ஒன்றும் தெரியவில்லை, காபித்தூள் அரைகுறை, என் சட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்ததாம், இதோடயா எட்டு மாசமா என் பக்கத்துல உட்கார்ந்தீங்க என்று ஒரு பிடி பிடித்தாள். ஏச்சு இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் டாக்டரும் நல்ல அறிகுறி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார். மிச்சப் பழத்தில் அம்மாவே சட்னி செய்தாள், என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. அரை ஸ்பூன் மிளகாய்தான் போட்டாள், சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தாள். நீயும் செய்தால் அப்படியே செய். ரொட்டியில் தடவி மூன்று துண்டு சாப்பிட்டாள், நான் எண்ணினேன். அந்தச் சட்னிதான் இந்தப் பாட்டிலில் வருகிறது, ஈரக் கரண்டி போடாதே. முழுசாகக் குணமான பிறகு தானே உன்னிடம் சொல்வதாக இருக்கிறாள், எனக்குத்தான் அடக்க முடியவில்லை, அவள் டேப் ஒட்ட வருவதற்குள் இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் செருக வேண்டும். அவள் சொல்லும்போது ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டுக்கொள், நடுவில் குறுக்கிடாதே.

இன்னொன்று. நேற்று அம்மா பீரோவிலிருந்து ஒரு பை எடுத்தாள். நீ போன அன்று கழற்றிப்போட்ட பச்சைச் சால்வை, துவைக்காமல் கட்டி வைத்திருக்கிறாள், எனக்கே தெரியாது. முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். தெரியுதா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, காற்றுப் போகாமல் திரும்பக் கட்டி வைத்தாள்.

நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்ததுதான். ஒன்றை மட்டும் மறக்காதே, லீவில் வரும்போது சென்ட் எதுவும் போட்டுக்கொண்டு வந்துவிடாதே.

சமையல் வேலை பறிபோன,
உன் அன்பு அப்பா