ஜெயித்த அணிக்குப் போட்ட வெடி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த நட்சத்திரப் போட்டி மறுபடியும் தொடங்கிவிட்டது. அதே மேடை. சினிமாக்காரர்களையும் சீரியல்காரர்களையும் அணி அணியாகப் பிரித்து, தலையில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்குப் பலகையில் ஓடவிடும் அதே கூத்து. ஜெயித்த அணிக்கு வண்ணக் காகிதம் சிதற 'டமார்' என்று ஒரு வெடி போடுவார்களே, அதையும் மாற்றவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். கையெல்லாம் பசை, மடியிலிருந்த அட்டைப்பெட்டி தரையில். கண் தானாக வெம்பக்கோட்டைப் பக்கத்து வானத்துக்குப் போனது. எங்கே சத்தம் கேட்டாலும் புகை தேடுவது நம் சிவகாசியில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். எனக்கு அது முற்றியது உங்களால்.

உங்கள் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டே எத்தனை ஞாயிறு பார்த்திருப்போம்! எனக்குப் பாட்டுக்காரர்கள் அணி. நீங்களோ பிடிவாதமாக சீரியல் வில்லிகள் பக்கம். அவர்கள் வாராவாரம் தோற்பார்கள்.

"நாடகத்துல அம்புட்டுக் குடும்பத்தைக் கெடுக்கத் தெரியுது, ஒரு குடம் தூக்கத் தெரியல பாரு" என்று திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் அவர்களுக்கே கைதட்டுவீர்கள். ஆனால் முடிவு நெருங்கியதும் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவீர்கள். உங்கள் வீட்டில் எல்லா அணியும் ஊமையாகத்தான் ஜெயித்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. உங்கள் மகன் முத்து வெம்பக்கோட்டைப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கேட்க என்ன இருக்கிறது?

போன தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம். டிவி அணைந்திருந்தது, நாம் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அப்படி ஒரு சத்தம். அலமாரியில் தம்ளர்கள் ஆடின. நீங்கள் முத்துவுக்குப் போன் போட்டீர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தீர்கள்.

"ஏத்தா, வண்டிய எடு."

செருப்புக்கூடப் போடாமல் என் ஸ்கூட்டரில் ஏறினீர்கள். வழி முழுக்க ஒரே கேள்விதான்.

"புகை தெரியுதா?"

"இல்லக்கா."

"இன்னும் மேல எழும்பலையோ என்னமோ. வெரசாப் போ."

கம்பெனி வாசலில் காவலாளி பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "என்னம்மா இம்புட்டு வேகமா வாறீக?" என்றார். நீங்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். நான்தான் முத்துவைக் கூப்பிடச் சொன்னேன். அவன் சோற்று டப்பாவும் கையுமாக வந்து நின்றான்.

"ஏலே, கையக் காட்டு."

காட்டினான். புறங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள், முகத்தைத் தடவினீர்கள். உங்கள் கையில் இருந்த பசை அவன் கன்னமெல்லாம் அப்பியது. பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவன் டப்பாவை வாங்கி, மீதி இருந்த தயிர்ச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள். "அப்ப நான் என்னத்தத் திங்க?" என்று அவன் கேட்டதும் நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் காவலாளி பயந்தேபோனார். சிரித்துக்கொண்டே நீங்கள் அழுததை நானும் அவனும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

திரும்பி வந்தால், தெருவே போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. நடுவில் எதிர்வீட்டுக்காரர், திருதிருவென்று முழித்துக்கொண்டு. புதிதாக ஆள் உயர ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் மறுஒளிபரப்பில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஜெயித்த அணிக்குப் போட்ட வெடி அது. அதுவும் ஜெயித்தது யார்? உங்கள் வில்லிகள்! ஞாயிறன்று கரண்ட் போனதால் நாம் பார்க்காமல்விட்ட ஒரே ஆட்டம்.

நீங்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "சத்தமா வச்சுக் கேளுங்க, வேண்டாங்கல. ஆனா வெடி போட்டா வாசல்ல வந்து, டிவிதான்னு ஒரு குரல் குடுங்க. பெத்தவ உசுரு வந்துரும்" என்றீர்கள். அன்றிலிருந்து நம் தெருவில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறு ராத்திரி ஆட்டம் முடிந்தால் வாசலுக்கு வாசல் "டிவிதான், டிவிதான்" என்று குரல் கேட்கும். வெளியூர்க்காரர்கள் நம்மைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பொங்கல் கழிந்து நீங்கள் போனீர்கள், தூக்கத்திலேயே, முத்து பக்கத்தில் படுத்திருக்க. ஆயுசு முழுக்க ஒரு சத்தத்துக்குப் பயந்த உங்களுக்குச் சத்தமே இல்லாத சாவு. அழுகைக்கு நடுவிலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அக்கா. நீங்கள் பயந்தது நடக்கவே இல்லை.

போன ஞாயிறு வாசலில் நின்றேன் என்றேனே. வானத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்காமல் உள்ளே போகக் கால் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பதற்குள் உங்கள் வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக முத்து வெளியே வந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்:

"டிவிதான் சித்தி, டிவிதான்! நான் வீட்லதான் இருக்கேன்!"